இருநூற்றுப் பதினோரு கையெழுத்து

செம்மாங்காட்டுப்பாளையம்
9 ஜூன் 2025

தமிழினிக்கு,

தமிழரசு எழுதுவது. வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். அங்கு இருவரும் சுகமென்றே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு வருடம் கழித்துக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் கல்யாணத்துக்கு மறுநாள் அப்பா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கற்பூரம் ஏற்றி, அணைக்கச் சொன்னார். இனி உன்னோடு பேசுவதில்லை என்று உள்ளங்கையை வைத்து அணைத்தேன். பேசுவதில்லை என்றுதான் சொன்னேன். எழுதுவதைப் பற்றி அப்பா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் அதில் நீல டிக் விழுவது பேசினது மாதிரி இருக்கிறது.

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறார்கள். புதுச்சத்திரத்தைச் சுற்றிப் பதினான்கு ஊர்களுக்கு, எந்த நிலத்தில் எது வரலாம் என்று. வரைவு என்று போட்டிருக்கிறது. நம் ஊருக்குப் பாறைக்காட்டின் மேல் ஒரு நீல வட்டம். ‘ஊர் மையம்’. பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, நூலகம், நர்ஸ் அறை எல்லாம் அங்கே போகிறதாம். கோயில் முன்பக்கம் மஞ்சள். மஞ்சளில் புதுக்கடைக்கு அனுமதி இல்லையாம்.

கோயில் முன்னால் போன வருடம் நான்கு கடை கட்டினேன். ஒன்றில் என் ஹார்டுவேர் கடை. மூன்று பூட்டிக் கிடக்கின்றன.

வார்டு உறுப்பினர் என்று ஆளுக்கு ஆள் என்னைக் கேட்கிறார்கள். எனக்கு வரைபடம் படிக்கத் தெரியவில்லை. அடியில் நீ வேலை செய்யும் கம்பெனியின் பெயர் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

பதில் கடை முகவரிக்கு. வீட்டுக்கு வேண்டாம்.

தமிழரசு


நாமக்கல்
14 ஜூன் 2025

அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். அறிவழகன் வேலை செய்யும் பாலிடெக்னிக் திறந்துவிட்டது. அம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது?

ஏப்ரலில் இருந்து நாமக்கல்லில்தான் இருக்கிறோம். உங்கள் கடிதம் இருபது கிலோமீட்டர் வர இரண்டு நாள் ஆனது.

அந்த நீல வட்டம். நிறத்தைக் கணினி நிரப்பும். எல்லையை நாங்கள் இடுவோம். அந்த எல்லையை இட்டது நான். இது என் ஊர் என்று மேலாளரிடம் முதலிலேயே சொன்னேன். நல்லது, இடம் தெரிந்தவர் என்றார்.

திட்ட அறிக்கையின் அறுபத்தொன்றாம் பக்கத்தில் காரணம் இருக்கிறது. பாறைக்காட்டில் இருந்து ஊருக்கு 420 மீட்டர், காலனிக்கு 430. வெயிலில் நானே நடந்து அளந்தேன். நீங்கள் அன்றைக்குக் கடையில் இருந்தீர்கள். முதுகு தெரிந்தது.

பஸ் கோயில் முன்னால் நிற்கிறது. காலனிக்காரர்கள் அங்கே இறங்குவதில்லை. அதற்கு முன்பு ஓடைப்பாலத்திலேயே இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஏன் நடக்கிறார்கள் என்று அறிக்கையில் எழுதவில்லை. தூரத்தை மட்டும் எழுதினேன். கல்யாணத்துக்கு முன் ஒருநாள் அறிவழகனோடு நானும் அந்தப் பாலத்தில் இறங்கியிருக்கிறேன்.

ஆட்சேபனை இருந்தால் ஆகஸ்ட் ஐந்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எவரும் கொடுக்கலாம்.

என் மாமியார் பூவாத்தாள் காலனியிலிருந்து உங்கள் கடை வழியாகத்தான் ரேஷனுக்கு வருவார். எப்படி இருக்கிறார்?

அன்புடன்,
தமிழினி


செம்மாங்காட்டுப்பாளையம்
2 ஜூலை 2025

தமிழினிக்கு,

இங்கு நலம். அம்மாவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை விழுங்குகிறாள், படி ஏறுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம். அறுபது பேர் இருப்பார்கள். ரிக் வண்டி வைத்திருக்கும் கதிர்வேல் முதலில் எழுந்தான்.

“நானு ஆயிரம் அடிக்குப் பாறையத் தொளைக்கறவனுங்க. அந்தப் பாறையில ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. அங்க போயி நூலகங்கட்டி என்ன பண்றது? தொண்டை காஞ்சு படிக்கறதா?”

“நீ என்னைக்கடா படிச்சிருக்கற, தொண்டை காயறதுக்கு?” என்றார் பின்னால் இருந்து ஒருவர்.

சிரித்தார்கள். பிறகு கதிர்வேல், மழை வந்தால் பாறையில் எங்கே ஒதுங்குவது என்றான். நிழற்குடை கட்டுவார்களாம் என்றேன். “கட்டுனாச் செரி. அதுல மொதல்ல ஆரு உக்காருவாங்க?” என்று கேட்டான்.

ஆட்சேபிப்பது என்று முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு தாள் எழுதிப் போடலாமா என்று கதிர்வேலே கேட்டான். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஊருன்னா ஒரே தாளுதான்டா. கெணத்துக்கு எழுதுனதும் ஒரே தாளு, கரண்டுக்கு எழுதுனதும் ஒரே தாளு. ஆளுக்கொண்ணு நீட்டுனா அது ஊரா, சந்தையா?”

உனக்குத் தெரியும். நம் ஊரில் எப்போதும் அப்படித்தான். ஒரு மனு, மேலே ‘ஊர்ப் பொதுமக்கள்’, கீழே முதல் கையெழுத்து சென்னியப்பன் என்று அப்பாவுடையது.

மனுவை நான்தான் எழுதினேன். இத்துடன் வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்தி அனுப்பு. நீ வரைந்ததை எதிர்க்கும் மனுவை உன்னிடமே திருத்தக் கொடுப்பது சரியா என்று யோசித்தேன். வேறு யாரையும் தெரியாது.

தமிழரசு


நாமக்கல்
5 ஜூலை 2025

அண்ணனுக்கு,

நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

மனு இத்துடன். பாறைக்காட்டின் புல எண்ணை 79 என்று எழுதியிருந்தீர்கள். 97. ‘காலங்காலமாக’ என்று ஐந்து இடத்தில் இருந்தது, நான்கை எடுத்தேன். கடைகளைப் பற்றி நீங்கள் எழுதாமல் விட்டதை நான் சேர்க்கவில்லை. அது உங்கள் விருப்பம்.

நான்காவது பத்தியை முழுக்க அடித்துவிட்டேன். ‘கண்டவர்களும் வந்து நிற்பார்கள்’ என்ற பத்தி. மனுக்களைக் கேட்புக் கூட்டத்தில் வாசிப்பார்கள். வாசிப்பது நானாக இருக்கலாம்.

மற்றபடி மனு சரியாக இருக்கிறது.

பூவாத்தாளைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

அன்புடன்,
தமிழினி


செம்மாங்காட்டுப்பாளையம்
23 ஜூலை 2025

தமிழினிக்கு,

சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

திருத்தம் கிடைத்தது. இரண்டு ஞாயிறு கையெழுத்து வாங்கினோம். மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. பெண்கள் பலபேருக்கு வீட்டு ஆண்களே போட்டார்கள். மண்டபத்துக்கு வந்து போக அவர்களுக்கு நேரமில்லை. ராசம்மாள் என்று அம்மாவின் பெயரை அப்பா போட்டார். முட்டி வலி என்று அவள் வரவில்லை. வரச்சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

நேற்று நாமக்கல் போய்க் கொடுத்தேன். முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டு தந்தார்கள். நீ அங்கே இல்லை.

இத்தனை கையெழுத்தைத் தாண்டி அவர்கள் என்ன செய்துவிட முடியும் என்று அப்பா சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

திருத்தியதற்கு நன்றி.

தமிழரசு


நாமக்கல்
30 ஜூலை 2025

அண்ணனுக்கு,

இங்கே காற்று அதிகம். எனக்கு நான்கு நாள் காய்ச்சல், இப்போது இல்லை. அறிவழகன் சமைத்தார். கரிந்த ரசம்.

உங்கள் மனுவைப் பதிவேட்டில் ஏற்றியாயிற்று. வரிசை எண் 38.

ஒரு விஷயம் எழுத வேண்டும். ஐந்தாம் தேதி வரை நாள் இருக்கிறது. இரண்டு நாளில் எழுதுகிறேன்.

அம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?

அன்புடன்,
தமிழினி


செம்மாங்காட்டுப்பாளையம்
12 செப்டம்பர் 2025

தமிழினிக்கு,

வீட்டில் எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்குக் காய்ச்சல் விட்டது புதன்கிழமை பார்த்தபோதே தெரிந்தது.

இரண்டு நாளில் எழுதுகிறேன் என்றாய். எழுதவில்லை. அது என்ன என்று கேட்புக் கூட்டத்தில் தெரிந்துகொண்டேன்.

நீ வாசித்ததை அப்படியே எழுதுகிறேன். “வரிசை எண் 38. செம்மாங்காட்டுப்பாளையம் ஊர்ப் பொதுமக்கள். ஆட்சேபனை ஒன்று.” அடுத்து, “வரிசை எண் 39 முதல் 181 வரை. செம்மாங்காட்டுப்பாளையம் காலனி. ஆதரவு நூற்று நாற்பத்து மூன்று.”

அப்பா எழுந்தார். உன்னைப் பார்க்கவில்லை. மேசையின் நடுவில் இருந்த அதிகாரியைப் பார்த்துத்தான் பேசினார்.

“ஏனுங்க சார், எங்களுது இருநூத்திப் பதினோரு கையெழுத்துங்க. ஒண்ணுன்னு வாசிக்குதுங்களே அந்தப் புள்ள?”

அந்தப் புள்ள. நீ தலையை நிமிர்த்தவில்லை. நீயே அதிகாரிக்குப் பதில் சொன்னாய். “ஒரு தாள் ஒரு ஆட்சேபனைங்க சார். எத்தனை கையெழுத்து இருந்தாலும்.”

காலனிக்காரர்களின் தாள்களைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். எல்லாம் ஒரே தட்டச்சு. பெயரும் கையெழுத்தும்தான் வேறு.

அதிகாரி நல்ல மனிதர். தனித்தனியாக எழுதித் தர அக்டோபர் 27 மாலை ஐந்து மணி வரை நேரம் கொடுத்தார். என்னைப் பார்த்து, “நீங்கதானே வார்டு மெம்பர்? ஊர் பேர்ல வேண்டாம், உங்க பேர்ல ஒரு ஆட்சேபனை குடுங்க. மக்கள் பிரதிநிதியே எதிர்க்கிறார்னா இன்னொரு கேட்பு வெச்சாகணும். இல்லேன்னா வரைபடம் இப்படியே மேல போயிரும்” என்றார். நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

திரும்பும்போது பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் அப்பா, “தாள நீதான எழுதுன?” என்றார். ஆமாம் என்றேன். யாரிடம் திருத்த அனுப்பினேன் என்று சொல்லவில்லை.

ஒரு தாள் ஒன்றுதான் என்பது ஜூலையிலேயே உனக்குத் தெரியுமா? இதற்கு மட்டும் பதில் எழுது.

தமிழரசு


நாமக்கல்
20 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

நலம்.

தெரியும்.

உங்கள் மனு வந்த அன்றே தெரியும். ஒரே தாள் என்று அப்பா சொன்னதை நீங்கள் எழுதியிருந்த வரியை இரண்டு முறை படித்தேன். பிறகு புல எண்ணைத் திருத்தினேன்.

அறிவழகனிடம் சொன்னேன். அவர் அன்று மாலையே காலனிக்கான தாளைத் தட்டச்சு செய்தார். உங்களிடம் சொல்லவில்லை. பிழை திருத்தத்தான் கேட்டீர்கள், திருத்தினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூலை 30 அன்று எழுத உட்கார்ந்தபோது காய்ச்சலைப் பற்றி எழுதினேன். ஆகஸ்ட் இரண்டாம் தேதி முழுக்கடிதம் எழுதினேன். அஞ்சல் பெட்டிவரை போனேன். அது இப்போதும் என் கைப்பையில் இருக்கிறது.

அந்த வட்டம் அங்கேயே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். அளந்தது சரி. வரைந்தது சரி. சொல்லாமல் விட்டது சரியில்லை.

ஆளுக்கு ஒன்றாகத் தரப் படிவம் உண்டு. இருநூற்றிருபது வைத்திருக்கிறேன். இத்துடன் வரும் கட்டு அதுதான். ஒவ்வொருவரும் தாங்களே எழுத வேண்டும், தாங்களே கையெழுத்திட வேண்டும். பெண்களும். ஒருவருக்காக மற்றவர் போட்டது தெரிந்தால் தள்ளிவிடுவார்கள். கேட்கும் கேள்வி இரண்டுதான்: மையம் எங்கே வேண்டும், ஏன் வேண்டும்.

பதில் எழுத வேண்டுமென்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை.

தமிழினி


செம்மாங்காட்டுப்பாளையம்
19 அக்டோபர் 2025

தமிழினிக்கு,

நாளைக்குத் தீபாவளி. வீட்டில் முறுக்கு வாசம். என் மகள் கனிஷ்கா இரண்டு நாளாய்ப் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கிறாள். பூவாத்தாள் நலமாக இருக்கிறார். ஜூனில் கேட்டிருந்தாய்.

ஒரு மாதம் உனக்கு எழுதுவதில்லை என்று இருந்தேன். ஆனால் கட்டைப் பிரித்தேன். வீடு வீடாகப் போனேன். மண்டபத்தில் வைத்து எழுதச் சொன்னால் பெண்கள் வர மாட்டார்கள். அடுப்படி வாசலில் நின்று, நீங்களே எழுதுங்க, நான் மறுபடி வாரேன் என்று கொடுத்தேன். மறுநாள் போய் வாங்கினேன்.

திரும்பி வந்தது என்னுடையதைச் சேர்த்து நூற்று அறுபத்தெட்டு. நூற்று இருபத்தொன்று ஆட்சேபனை. நாற்பத்தேழு பேர் பாறைக்காடே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நான் எதிர்பார்க்கவில்லை. ஜூலையில் இந்த நாற்பத்தேழு பெயரும் நம் மனுவில் இருந்தன.

கதிர்வேலின் மனைவி எழுதியது: ‘ரேஷன் கடை பாறைக்கு வந்தால் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் முன்னால் அரிசிப் பையோடு நடக்க வேண்டியதில்லை.’ கதிர்வேலிடம் நான் காட்டவில்லை. அவனே படித்திருக்கிறான். “என்றா மாப்ள, இது நம்மளத்தான் சொல்லுதா?” என்று கேட்டான். நம்மளத்தான் என்றேன். “அப்ப நானு வேற பக்கந் திரும்பி உக்காந்துக்கறன்” என்றான்.

அப்பா எத்தனை என்று கேட்டார். சொன்னேன். நாற்பத்தேழு யார் யார் என்று கேட்டார். சொல்லவில்லை. “அதுகளத் தனியா எடுத்து அடுப்புல போட்டுட்டு மிச்சத்தக் குடு” என்றார்.

அம்மாவுக்கு ஒரு தாள் கொடுத்தேன். கொடுக்காமல் விடலாம் என்றுதான் இருந்தேன். “எனக்கில்லீங்களா மெம்பரு?” என்று கேட்டாள். இரண்டு நாள் வைத்திருந்தாள். எட்டாம் வகுப்புக் கையெழுத்து, பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியும். எங்கே என்ற இடத்தில் ‘பாறைக்காடு’. ஏன் என்ற இடத்தில், ‘கோயில் முன்னால் இறங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள்.’

நான் அதைப் படிக்கும்போது பக்கத்திலேயே நின்றாள்.

“அவ்வளவு தூரம் நடப்பீங்களா, இந்த முட்டிய வெச்சுக்கிட்டு?”

“அது எம்பாடு. தாள்ல அதக் கேக்கலியே சாமி” என்றாள்.

கற்பூரம் அணைத்த அன்று அம்மா அடுப்படியில் இருந்தாள். அவளை யாரும் சத்தியம் கேட்கவில்லை. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எல்லாவற்றையும் புதன்கிழமை கொண்டுவந்து கொடுக்கிறேன். எண்ணிக்கொள்.

தமிழரசு


நாமக்கல்
23 அக்டோபர் 2025
விரைவு அஞ்சல்

அண்ணனுக்கு,

நலம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.

நேற்று நீங்கள் வந்தபோது உள்ளே இருந்தேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தீர்கள். துண்டில் சுற்றி எடுத்துவந்திருந்தீர்கள். நான் வெளியே வந்தால் உங்களுக்குச் சங்கடம் என்று வரவில்லை.

எண்ணினேன். நூற்று அறுபத்தெட்டு. ஒன்றும் குறையவில்லை.

அம்மாவின் தாளை மற்றவற்றைப் போலத்தான் பதிவேட்டில் ஏற்றினேன். வரிசை எண் 240.

உங்கள் தாள் கட்டின் அடியில் இருந்தது. ஆட்சேபனை. காரணமாகக் கோயில் முன்னால் உள்ள நான்கு கடைகளை எழுதியிருக்கிறீர்கள். ‘காலங்காலமாக’ எங்கேயும் இல்லை. கையெழுத்து இல்லை.

கையெழுத்து இல்லாத தாளை ஏற்க முடியாது. மறந்துவிட்டீர்களா, தெரிந்தே விட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. மறந்திருந்தால் சொல்ல வேண்டியது நான்தான். நேற்று மாலையே மேலாளரிடமும் காட்டிவிட்டேன். திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் நேரில் வந்து போடலாம் என்றார். தாளை முன்மேசையில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். என்னைக் கேட்க வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

போட்டால் மறுகேட்பு. வட்டம் நகரலாம். போடாவிட்டால் இப்படியே மேலே போகும்.

இந்த முறை எதையும் விடவில்லை என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
தமிழினி


செம்மாங்காட்டுப்பாளையம்
30 அக்டோபர் 2025

தமிழினிக்கு,

இங்கும் மழைதான். மரவள்ளிக் காட்டில் தண்ணீர் நிற்கிறது. அம்மாவுக்கு முட்டி பரவாயில்லை. அறிவழகனையும் உன்னையும் ஈரத்தில் அலையாமல் இருக்கச் சொல்கிறாள். அவள் சொன்னதை எழுதியிருக்கிறேன்.

மூன்று கடைகளில் ஒன்றை உரமூட்டை வைக்கக் கேட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டும் பூட்டியே இருக்கும் போலத் தெரிகிறது.

திங்கட்கிழமை நான் கடை திறக்கவில்லை. வீட்டிலேயே இருந்தேன். மோட்டாரைப் பிரித்துப் பூட்டினேன். அதில் பழுதொன்றும் இல்லை. அப்பா மத்தியானம், “நாமக்கல்லுக்கு ஏதோ போகோணும்னியே?” என்றார். மூன்றரை மணிக்கு இன்னொரு முறை கேட்டார். ஐந்தடித்த பிறகு கேட்கவில்லை.

உன் கடிதம் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது.

தமிழரசு